கறுப்புக் கம்பளியும் புலிப் போர்வையும்

மலையகத்தில் ஐம்பதைத் தாண்டிய எவரிடமும் கம்பளி என்று சொல்லிப் பாருங்கள், முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வரும். செம்மறி மயிரும் அடுப்படிப் புகையும் வெற்றிலையும் கொழுந்துக் கறையும் ஒன்றாக ஊறிய வாசம் அது. தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் லயத்து இஸ்தோப்பில் வரிசையாகத் தொங்கிச் சொட்டும் கம்பளிகளிலிருந்து கிளம்பும். காம்பராவுக்குள் நுழைந்து, பாயில் ஏறி, எங்கள் பள்ளிக்கூடச் சட்டையிலும் ஏறி, நாவலப்பிட்டி டவுனுக்குப் படிக்க வந்த எங்களோடு வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இருந்த கடைவீதிப் பையன் மூக்கைப் பொத்திய அன்றைக்குத்தான் எங்களிடம் ஒரு வாசம் இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரிந்தது. அந்த வாசத்தைப் போக்க அன்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்த நாங்கள்தான், இன்று அது எங்கேயாவது கிடைக்காதா என்று கம்பளையிலும் கண்டியிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

ஏன் தேடினோம் என்பதைச் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் என்று தீவெங்கும் பேச்சு. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், நம் முன்னோர் காட்டுப் பாதையில் நடந்து வந்த திசையிலேயே வந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அந்தச் சூட்டோடு எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும், முன்னோர் வந்த வரலாற்றை மேடையில் நடித்துக் காட்டுவது என்று முடிவெடுத்து, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார்கள்.

"சேர், அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரும் கம்பளி போட்டிருந்தாங்கன்னு அப்பாயி சொல்லுது. அது எப்படி சேர் இருக்கும்? இப்படியா?"

பையன் கைபேசியை நீட்டினான். சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட, பஞ்சு போன்ற, பார்த்தாலே தூக்கம் வருகிற போர்வை ஒன்று அதில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, தொண்டையும் அடைத்தது. எங்கள் சனத்தின் முதுகில் நூறு வருடத்துக்கு மேல் கிடந்த ஒன்று எப்படி இருக்கும் என்று, அந்தச் சனத்தின் பேரப்பிள்ளையே கேட்கிறான்.

எப்படி இருந்தது? கறுப்பு, ஆனால் சாயம் போட்ட கறுப்பல்ல. ஆடு எந்த நிறமோ அந்த நிறம், இடையிடையே செம்பட்டை மயிரும் நரைத்த மயிரும் கலந்திருக்கும். புதிதாக வந்தால் பலகை மாதிரி விறைப்பாக நிற்கும், கழுத்தில் பட்டால் அரிக்கும். அதைக் கட்டுவதற்கும் ஒரு கை வேண்டும். நீளவாக்கில் மடித்து, ஒரு மூலையை உள்ளே தள்ளிக் கூம்பாக்கி, அந்தக் கூம்பைத் தலையில் கவிழ்த்தால், மிச்சம் முதுகு வழியாக முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதன் மேலே கூடைக் கயிறு, நெற்றிக்குச் சற்று மேலே, கம்பளி மடிப்பு மெத்தையாக இருக்கும் இடம் பார்த்து உட்காரும். இடுப்பில் சாக்குப் படங்கு. காலில் அட்டைக்குப் பூசிய சவர்க்காரம். விடியற்காலைப் பெரட்டுக்குத் தப்புச் சத்தம் கேட்டு மலை ஏறும் பெண்களைக் கீழேயிருந்து பார்த்தால் முகம் தெரியாது, கூம்புகள்தான் வரிசையாக ஏறிப் போகும். அந்தக் கூம்புகளில் எது அம்மா என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். அம்மாவின் கம்பளியில் வலது தோள் பக்கம் வெள்ளை நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

மழைக்கு மட்டுமா அது? இரவில் அதுதான் போர்வை. நாங்கள் நாலு பிள்ளைகளும் குறுக்கே படுத்தால், கால் வெளியே போகாமல் இருக்க ஒவ்வொருவரும் இழுத்த இழுப்பில்தான் அதன் ஓரம் நைந்தது. காற்றடிக்கும் மாதத்தில் கதவுச் சந்துக்குத் திரையாகும். யாருக்காவது வலிப்போ பிரசவ வேதனையோ வந்தால் இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு ஒரு மரக்கம்பைச் செருகித் தூளியாக்கி, நாலு ஆம்பிளைகள் மாறி மாறித் தோள் கொடுத்து ரோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஊரில் பாதிப் பேர் கம்பளியில் போய்ப் பிறந்தவர்கள் என்று அப்பாயி சொல்லும். வெயில் கண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்கு முன்னால் கல்லின் மேல் கம்பளிகள் காயும், அதன் மேல் நாங்கள் புரளுவோம், கிழவிகள் அதிலேயே உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். உங்களுக்கும் அந்தச் சூடு ஞாபகம் இருக்கும்: மேலே வெயில், கீழே கம்பளி, இரண்டுக்கும் நடுவில் வேலையில்லாத ஒரு மத்தியானம். அதற்குச் சமமான மெத்தையில் நான் இன்று வரை படுத்ததில்லை.

நனைந்தாலும் கம்பளி குளிராது என்பதைப் பழக்கத்தில் அறிந்திருந்தோம், காரணம் பின்னால்தான் படித்தேன். ஆட்டுமயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஈரத்தை இழுக்கும்போதே சிறிது சூட்டையும் வெளிவிடும். வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேலே மழை கொட்டுகிற வட்டவளை எங்களுக்கு மேலே இருக்கிறது. அந்த மழையில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுத்தவர்களை ஏதாவது காப்பாற்றியதென்றால் அது அந்த மயிர்தான். பிளாஸ்டிக் வேறு குணம். மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகாது. மத்தியானக் கொழுந்து நிறுக்க வரும்போது இன்றைய பெண்கள் மழைச்சட்டையைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ரவிக்கையைப் பிழியலாம். ஆனாலும் கம்பளியின் பாரத்தை அவர்கள் தலையில் திரும்பவும் ஏற்ற யாருக்கும் மனசு வராது. நனைந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியும், அது கொழுந்துக் கூடைக்கு மேலே இன்னொரு கூடை.

எப்போது மறைந்தது என்று யோசித்தால் ஒரு நாளைச் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. பிறகு வந்த வருடங்களில் எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்த அந்த ரயிலில், நாவலப்பிட்டி நிலையத்து மேடை நிறைய அழுகையோடு, பெட்டி, அம்மி, படச்சட்டம், கம்பளி மூட்டை எல்லாம் ஏறிப் போயின. நீலகிரிப் பக்கம் போய்க் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே இறங்கியவர்களுக்கு அந்தக் கம்பளி கைகொடுத்திருக்கும். திருச்சி வெயிலுக்குப் போனவர்கள் அதை என்ன செய்தார்களோ. இங்கே 1970களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து துணிமணியே அருமையாயிற்று, இருந்த கம்பளிக்கு ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டோம். 1977க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள், நைலோனும் பிளாஸ்டிக்கும் கடைத்தெருவில் வந்து குவிந்தன. வெறும் உரப் பையை ஒரு பக்கம் கிழித்துத் தலையில் கவிழ்த்தால் காசில்லாத மழைச்சட்டை. கம்பளி முதலில் மலையிலிருந்து இறங்கிக் கட்டிலுக்கு வந்தது. பிறகு அக்காமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய், ஒரு பக்கம் புலி, மறுபக்கம் ரோஜாப்பூ போட்ட வழுவழுப்பான பெரிய போர்வைகளைக் கொண்டுவந்து தம்பி தங்கைகளுக்குப் போர்த்திவிட்டார்கள். கம்பளி கட்டிலை விட்டுத் தரைக்கு இறங்கி, வாசல் மிதியடியாகி, கடைசியில் நாய்க்குப் படுக்கையானது. அந்தப் புலிப் போர்வையை நான் குறைத்துப் பேசமாட்டேன். பாலைவன வெயிலில் வருடக்கணக்காக அடுத்தவர் பிள்ளையைத் தாலாட்டிச் சம்பாதித்த போர்வை அது. அரிக்காது, பாரமில்லை, எங்கள் லயத்துக்கு வந்த முதல் அழகான போர்வை. ஆனாலும் இரவில் அதற்குள் படுத்தால் வியர்த்து விழித்துக்கொள்கிறேன், விழித்ததும் மூக்கு பழைய வாசத்தைத் தேடுகிறது.

சரி, தேடிப் போன விஷயத்துக்கு வருகிறேன். நாவலப்பிட்டிக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான துணிக்கடை முதலாளியிடம் போனோம்.

"முதலாளி, கம்பளி வேணும். அந்தக் காலத்துத் தோட்டத்துக் கம்பளி."

"சேர், அதெல்லாம் எங்க வாப்பா காலத்துல மூட்டை மூட்டையா வந்து எறங்கும். இப்ப கேக்கிறதுக்கு ஆள் இல்ல. இந்தாங்க, இதப் பாருங்க, முழுக் கம்பளிதான்."

சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். பார்வைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது, பிள்ளைகளின் முகமும் மலர்ந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். நெருப்புப் பட்டதும் அது சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டது. ஆறிய பிறகு நசுக்கிப் பார்த்தால் கல். ஆட்டுமயிர் அப்படி எரியாது. தயங்கித் தயங்கிப் புகையும், நெருப்பை எடுத்தால் அணையும், தலைமயிர் கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாக உதிரும். பையன் ஒருவன் தன் தலையிலிருந்தே ஒரு மயிரைப் பிடுங்கிக் கொளுத்தி மோந்து பார்த்தான். முதலாளி சிரித்துவிட்டு, "விலையக் குறைக்கிறேன், ஆனா கம்பளின்னு இனிச் சொல்லமாட்டேன்" என்றார். நேர்மையான மனுசர்.

இப்படி இழையைக் கொளுத்திப் பார்ப்பது அளவுக்கு மீறிய பிடிவாதம் என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க்களத்தை மறுபடி நடித்துக் காட்டும் குழுக்கள் இருக்கின்றன. போர்வை வாங்குவதற்கு முன் அவர்கள் நூலையும் நெசவையும் ஓரக் கோட்டையும் எடையையும் பார்த்துத் தீர விசாரிக்கிறார்கள். அவர்களால் அது முடிகிறது, ஏனென்றால் 1861ஆம் ஆண்டு இராணுவ விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது: சிப்பாயின் போர்வை சாம்பல் நிறக் கம்பளி, ஏழு அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஐந்து இறாத்தல் எடை, நடுவில் நான்கு அங்குல உயரத்தில் கறுப்பு எழுத்து. பிரித்தானிய இந்தியப் படைக்குக் கம்பளி நெய்து கொடுத்த கான்பூர் ஆலைக்கு 1876 என்று பிறந்த வருடம் உண்டு, லால் இம்லி என்று பேரும் உண்டு. எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பட்டாளம் எதை உடுத்தியது, எதைப் போர்த்தியது என்பதற்குப் படமும் பட்டியலும் கிடைக்கும். சிப்பாயின் போர்வைக்கு அளவு எழுதியவர்கள் இருந்தார்கள். கொழுந்தெடுத்தவளின் கம்பளிக்குக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதியவர்கள்தான் இருந்தார்கள், அளவு எழுதியவர் இல்லை. பழைய படங்களில் தலைக் கூம்பு தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, நெசவு தெரியாது, அரிப்பு தெரியவே தெரியாது.

எனவே நெசவாளியின் பக்கத்திலிருந்து தேட வேண்டியதாயிற்று. தக்காணத்துக் குறும்பர்கள் கறுப்பு ஆட்டின் மயிரைக் கத்தரித்து, கையால் நூற்று, குழித்தறியில் நெய்யும் கம்பளிதான் எங்கள் கம்பளிக்குக் கிட்டின சொந்தம் என்று நான் நினைக்கிறேன். கர்நாடகத்தில் சித்ரதுர்க்கா மாவட்டத்துச் சள்ளக்கெரெ அதற்குப் பேர்போன ஊர். பாவுக்குப் புளியங்கொட்டைக் கூழ் பூசுவார்கள். அதனால்தான் புதுக் கம்பளி விறைப்பாக நிற்கிறது, மழைத் தண்ணீர் மேலாக வழிந்தும் ஓடுகிறது. பலகை மாதிரி என்று சொன்னேனே, அந்த விறைப்பின் இரகசியம் ஒரு புளியங்கொட்டைக்குள் இருந்திருக்கிறது! அங்கிருந்து வரவழைக்கலாம்தான், ஆனால் பிள்ளைகள் கையில் இருந்த காசுக்கு அது கட்டாது.

இன்னொரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் காட்சியிலேயே, தோணியிலிருந்து இறங்கும்போதே எல்லாரும் கம்பளி போர்த்தி வருவதாக எழுதியிருந்தார்கள். கூடாது என்றேன். மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்த சனம், மன்னார் வெயிலில் இறங்கி, தண்ணீரில்லாத காட்டில் நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியெல்லாம் ஆட்களைப் பறிகொடுத்து வந்த சனம், மேலில் பருத்திக் கந்தலோடுதான் வந்திருக்கும். குளிர் என்றால் என்ன என்று மலையில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. வந்து சேர்ந்தவருக்கு அரிசியும் கம்பளியும் முன்பணமாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது தோட்டத்து வழக்கம். வேலை செய்து ஒரு சதம் காணும் முன்னமே பேருக்கு நேராகக் கம்பளிக் கடன் ஏறிவிடும். ஆகவே நாடகத்தில் கம்பளி கடைசியில்தான் வர வேண்டும். கங்காணி ஒவ்வொருவர் தோளிலும் போட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு எழுத வேண்டும். பிள்ளைகள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், கம்பளி இல்லாமல் முதல் காட்சி எடுபடாது என்றார்கள். ஒத்திகையில் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்த பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

ஒரே ஓர் அசல் கம்பளி கிடைத்தது. மேல் பிரிவில் இருந்த பெரியாயி ஒன்று, தகரப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு மடித்து வைத்திருந்ததைத் தந்தது. பாதியைப் பூச்சி அரித்துவிட்டது, நடுவில் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்த தையல் மட்டும் அழியாமல் இருந்தது. பிள்ளைகள் அதை மூக்கோடு வைத்து மோந்தார்கள், ஒருத்தி தும்மினாள். "இதப் போட்டுக்கிட்டா அம்மாயி நாள் முழுக்க நின்னுச்சு?" என்று கேட்டவளுக்குப் பெரியாயி, "நின்னது மட்டுமா, இதுலதான் உங்க மாமனப் போட்டுத் தூக்கினோம்" என்றது. மேடையில் அந்த ஒன்றைக் கிழவி வேடம் போட்ட பெண்ணுக்குக் கொடுத்தோம், மற்றவர்களுக்கு மடித்த சாக்கு. பொய்க் கம்பளியை விடச் சாக்கு மேல் என்பது என் முடிவு, அதில் பொய்யும் இல்லை. கம்பளி கிழிந்து அடுத்தது வாங்க வழியில்லாத வருடங்களில் எங்கள் தலையில் இருந்தது சாக்குத்தான்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலோ அட்டாலையிலோ அப்படி ஒன்று கிடந்தால், தயவு செய்து தரை துடைக்க அறுத்துவிடாதீர்கள். சுடுதண்ணீரில் போட வேண்டாம், சுருங்கிவிடும். வெயிலில் உதறி, பழைய வேட்டியில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு வையுங்கள். யாருடைய கம்பளி, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அதோடு சேர்த்து ஊசியால் குத்துங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கி 2007இலிருந்து நம்மவர் புழங்கிய பொருட்களைச் சேர்த்து வருகிறார்கள். நாவலப்பிட்டியிலிருந்து கம்பளைக்கு பஸ்ஸும் உண்டு, கோச்சியும் உண்டு. கொண்டுபோய்க் கொடுங்கள்.